‘யாருக்கு’ என்னும் வினாவும் ஆங்கிலச் செயப்படுபொருளும் – ஒரு நோக்கு

ஆங்கில வாக்கியமொன்றிலே நேர்ச் செயப்படுபொருள் எது, மறைமுகச் செயப்படுபொருள் எது எனப் பிரித்தறியுமாறு கேட்கும் வினா, ஈழத்துப் பாடசாலைகளின் ஆங்கில இலக்கணப் பயிற்சிகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருவதாகும். அதற்கு விடை காணும் வழியும் ஏறக்குறைய ஒரே வகையாகவே கற்பிக்கப்படுகின்றது. முதலில் வினைச்சொல்லைக் கண்டுகொள்ள வேண்டும். அதனை நோக்கி ‘எதை’ என்று வினவ வேண்டும். விடையாக வருவது நேர்ச் செயப்படுபொருள். பின்னர் ‘யாருக்கு’ என்று வினவ வேண்டும். விடையாக வருவது மறைமுகச் செயப்படுபொருள். ‘ஹீ கேவ் மீ எ புக்’ என்ற வாக்கியம் கரும்பலகையில் எழுதப்படுகின்றது. எதைக் கொடுத்தான்? புத்தகத்தை. யாருக்குக் கொடுத்தான்? எனக்கு. மாணவன் இரு சொற்களின் கீழும் கோடிட்டு நிமிர்கின்றான். விடை சரியானதே, ஆயின் அவன் ஆராய்ந்தது ஆங்கில வாக்கியத்தையன்று, தன் உள்ளத்தில் அதற்கு நிகராக எழுந்த தமிழ் வாக்கியத்தையே என்பது அவனுக்கும் தெரியாது, பல வேளைகளில் ஆசிரியருக்கும் தெரியாது.

இவ்வழி இலகுவானது, பெரும்பாலான பயிற்சி வாக்கியங்களுக்குப் பொருந்துவது என்பதை மறுக்க வேண்டியதில்லை. பயிற்சி வாக்கியங்களே இவ்வழிக்குப் பொருந்துமாறு தெரிந்தெடுக்கப்பட்டவை என்பதுதான் கவனிக்கத்தக்கது. கொடுத்தல், அனுப்புதல், காட்டுதல் என்னும் மூன்று நான்கு வினைகளைவிட்டு வெளியே வந்து, மாணவன் தானாக ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் அமைக்க முற்படும்பொழுதுதான் இவ்வழியின் குறை வெளிப்படுகின்றது. அப்பொழுது நேரும் பிழைக்கு அவனது தாய்மொழியே காரணம் எனக் கூறி, ‘ஆங்கில வகுப்பிலே தமிழை மறந்துவிடு’ என்று அறிவுரை பகர்வோரும் உளர். பிழைக்குக் காரணம் தமிழா, தமிழ் இலக்கணத்தை அரைகுறையாகக் கையாண்ட கற்பித்தல் முறையா என்பது விசாரிக்கப்பட வேண்டியதொன்று.

‘யாருக்கு’ என்ற வினாவின் பின்னால் ஒரு சமன்பாடு மறைந்துள்ளது. ஆங்கிலத்தின் மறைமுகச் செயப்படுபொருள் இலத்தீன் மொழியின் கொடை வேற்றுமைக்குச் சமம். இலத்தீனின் கொடை வேற்றுமை தமிழின் நான்காம் வேற்றுமைக்குச் சமம். ஆகவே மறைமுகச் செயப்படுபொருள் ‘கு’ உருபுக்குச் சமம். இச்சமன்பாட்டின் ஒவ்வொரு படியும் வரலாற்றில் வெவ்வேறு கைகளால் அமைக்கப்பட்டதாகும். ஆங்கிலத்துக்கு முதன்முதல் இலக்கணம் எழுதியோர் இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டிருந்தனர். தமிழை ஐரோப்பியருக்கு அறிமுகஞ் செய்த இலக்கண நூல்களிலும் இதே அளவுகோல் பயன்பட்டது. சீகன்பால்க் இலத்தீனில் எழுதி 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான தமிழ் இலக்கணம் இதற்குத் தக்க சான்றாகும். வடமொழியிலும் கொடைப் பொருள் நான்காம் வேற்றுமைக்குரியதாகவே எண்ணப்பட்டமையால் இச்சமன்பாடு மேலும் உறுதி பெற்றதெனலாம். மூன்று மொழிகளின் ஒற்றுமையைக் கண்ட ஆசிரியர் நான்காவதாக ஆங்கிலத்தையும் அவ்வரிசையில் நிறுத்தியது வியப்புக்குரியதன்று. ஆயினும் ஏனைய மூன்றுக்கும் உள்ளதொன்று இன்றைய ஆங்கிலத்துக்கு இல்லை. இலத்தீனிலும் வடமொழியிலும் தமிழிலும் கொள்வோனைச் சுட்டும் பெயர் தன் வடிவிலேயே ஓர் அடையாளத்தைத் தாங்கி நிற்கின்றது. ஆங்கிலப் பெயரில் அத்தகைய அடையாளம் எதுவுமில்லை.

அவ்வடையாளம் ஒருகாலத்தில் இருந்தது என்பது சுவையான செய்தியாகும். பழைய ஆங்கிலம் வேற்றுமை உருபுகள் நிறைந்த மொழி. இன்று எழுவாயல்லாத இடங்களிலெல்லாம் வழங்கும் ‘ஹிம்’ என்னும் சொல் அக்காலத்தில் ‘அவனுக்கு’ என்ற பொருளையே தந்தது. ‘அவனை’ என்பதற்கு ‘ஹினே’ என்ற வேறொரு வடிவம் இருந்தது. ‘ஹூம்’ என்ற வினாப்பெயரும் கொடை வேற்றுமை வடிவத்தின் வழிவந்ததே. ஈறுகள் தேய்ந்து ஒலிகள் ஒன்றாகியபொழுது இரண்டாம் வேற்றுமைக்குரிய வடிவம் வழக்கொழிந்தது. நான்காம் வேற்றுமை வடிவமே இரண்டின் வேலையையும் ஏற்றுக்கொண்டது. ‘ஐ சோ ஹிம்’ என்று இன்று ஒருவர் சொல்லும்பொழுது, வரலாற்று நோக்கில், ‘அவனுக்குக் கண்டேன்’ என்றே சொல்கின்றார் எனலாம்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. தமிழர் ‘எனக்குத் தோன்றுகின்றது’, ‘எனக்குப் பிடித்திருக்கின்றது’ என்று உணர்வோனை நான்காம் வேற்றுமையில் வைத்துக் கூறுவர். ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவனுக்கு இவ்வமைப்பு இடர்ப்பாடாகின்றது என்பது ஆங்கில ஆசிரியர்களின் பழைய முறைப்பாடு. ஆனால் ‘மீதிங்க்ஸ்’ என்ற பழஞ்சொல்லின் பொருள் ‘நான் நினைக்கின்றேன்’ என்பதன்று. ‘எனக்குத் தோன்றுகின்றது’ என்பதே. தோன்றுதலைக் குறித்த வினையும் நினைத்தலைக் குறித்த வினையும் பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்து, பின்னர் ஒலியில் ஒன்றுபட்டன. அவ்வாறே ‘லைக்’ என்ற வினையும் முன்னர், பிடித்த பொருளை எழுவாயாகவும் பிடித்தவரைக் கொடை வேற்றுமையிலும் கொண்டிருந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் அவ்வழக்கின் எச்சங்கள் உள்ளன. எனவே தமிழ் மாணவனின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தின் இயல்புக்கே புறம்பானது என்று கூறுதல் பொருந்தாது. ஆங்கிலம் கடந்துவந்த ஒரு நிலையில் தமிழ் இன்றும் உயிர்ப்புடன் நிற்கின்றது, அவ்வளவே.

உருபை இழந்த ஆங்கிலம் அதன் வேலையை இரண்டு கருவிகளிடம் ஒப்படைத்தது. ஒன்று சொல் நிற்கும் இடம். மற்றொன்று ‘டு’, ‘ஃபோர்’ போன்ற முன்னிடைச் சொற்கள். ‘ஹீ கேவ் த போய் த டோக்’ என்றால் நாய் பையனிடம் சேர்ந்தது. பையனையும் நாயையும் குறிக்கும் சொற்கள் இடம் மாறினால், பையனே நாயிடம் ஒப்படைக்கப்பட்டவனாவான். தமிழிலோ ‘பையனுக்கு நாயைக் கொடுத்தான்’ என்பதை எப்படி மாற்றி அடுக்கினும் பொருள் திரிவதில்லை, அழுத்தமே வேறுபடும். தமிழ் மாணவன் சொல்லின் இறுதியைப் பார்த்துப் பொருளுணரப் பழகியவன். ஆங்கில வாக்கியத்திலோ அவன் பார்க்க வேண்டியது சொல் எங்கே நிற்கின்றது என்பதை. ‘யாருக்கு’ என்ற வினா இவ்வேறுபாட்டைக் காட்டித் தராது, மூடி மறைத்துவிடுகின்றது.

மூடி மறைத்ததன் விளைவைச் சில வினைகளைக்கொண்டு காணலாம். ‘அவனுக்கு உதவினேன்’ என்பது தமிழ். ‘யாருக்கு’ என்ற வினாவுக்கு ‘அவனுக்கு’ என்பதே விடை. ஆகவே மாணவன் ‘ஹிம்’ என்பதை மறைமுகச் செயப்படுபொருள் எனக் குறிக்கின்றான். ஆங்கிலத்தில் அது நேர்ச் செயப்படுபொருள். ஆசிரியருக்குக் கீழ்ப்படிதல், கேள்விக்கு விடையளித்தல் என்பனவும் இத்தகையனவே. தமிழ் நான்காம் வேற்றுமை கொள்ளுமிடத்து ஆங்கிலம் வெறும் செயப்படுபொருளையே கொள்கின்றது. கோடிடுவதில் நேரும் பிழையோடு இது நின்றுவிடுவதில்லை. ‘கு’ என்பதும் ‘டு’ என்பதும் ஒன்றே எனக் கற்றவன், ‘ஹெல்ப்ட் டு ஹிம்’, ‘ஒபேட் டு த டீச்சர்’, ‘ஆன்சர்ட் டு த குவெஸ்சன்’ என்றெல்லாம் எழுதுகின்றான். தன்னளவில் அவன் விதியை மீறவில்லை. கற்பிக்கப்பட்ட விதியைத்தான் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கின்றான். தமிழ் இலக்கணத்தில் கூர்மையுள்ள மாணவனே இப்பிழையை ஒழுங்காகச் செய்வான் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

மறுதலையான நிலையும் உண்டு. ‘ஹீ ஆஸ்க்ட் மீ எ குவெஸ்சன்’ என்பதில் ‘மீ’ என்பது மறைமுகச் செயப்படுபொருள். தமிழில் கேள்வி ‘எனக்கு’க் கேட்கப்படுவதில்லை, ‘என்னிடம்’ கேட்கப்படுகின்றது. ‘யாருக்கு’ என்று வினவினால் விடையே கிடையாது. ‘இட் கோஸ்ற் மீ டென் ரூப்பீஸ்’ என்ற வாக்கியத்தில் ‘டு’வும் பொருந்தாது, ‘ஃபோர்’ உம் பொருந்தாது. ‘ஹீ கேவ் த டோர் எ கிக்’ என்பதிலோ கதவே மறைமுகச் செயப்படுபொருளாகின்றது. ‘யார்’ என்ற உயர்திணை வினா அதனைத் தொடவே மாட்டாது. தமிழில் இயல்பாகச் சொன்னால் ‘கதவை உதைத்தான்’ என்று கதவு இரண்டாம் வேற்றுமைக்கே போய்விடும்.

‘கு’ உருபு இடத்தையும் சுட்டும். ‘கடிதத்தைக் கொழும்புக்கு அனுப்பினான்’ என்பதிலுள்ள கொழும்பு கொள்வோனன்று. கடிதம் சென்றடையும் இடம். ஆதலால் அதனை ‘ஹீ சென்ற் கொலம்போ எ லெற்றர்’ என்று மாற்றுதல் இயலாது. மாற்றினால் கொழும்பு என்பது ஊரைக் குறியாது, அங்குள்ள தலைமையகத்தையோ அதிகாரிகளையோ குறிப்பதாகிவிடும். ஒரே பெயர், ஒரே வினை. வாக்கியத்தில் நிற்கும் இடம் மாறியதும் ஊர் ஆளாகிவிடுகின்றது. இருசெயப்படுபொருள் அமைப்பின் உட்பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. அவ்வமைப்பில் முதலில் நிற்பது ஒன்றைப் பெறத்தக்கதாக, பெற்று வைத்துக்கொள்ளத்தக்கதாக இருத்தல் வேண்டும். பள்ளிக்கூட விதியில் இதைப் பற்றிய பேச்சே இல்லை.

இன்னும் பரவலான பிழை ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்பதாகும். ‘எனக்குச் சொன்னான்’, ‘எனக்கு விளக்கினான்’ என்னும் இரண்டும் தமிழில் ஒரே அமைப்பின. ‘டோல்ட் மீ’ என்பது சரியாயின் ‘எக்ஸ்பிளெய்ன்ட் மீ’ என்பது எவ்வாறு பிழையாகும் என்று மாணவன் கேட்டால், ‘அது வழக்கு’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். ஓரளவு காரணம் கூறலாம். கொடுத்தல், சொல்லுதல், காட்டுதல், அனுப்புதல் முதலியவற்றைக் குறிக்கும் குறுகிய வினைகள் ஆங்கிலத்தின் பழஞ்சொற்கள். அவை இரு செயப்படுபொருளையும் அடுத்தடுத்து ஏற்கும். விளக்குதல், விவரித்தல், அறிவித்தல் முதலியவற்றுக்கான நீண்ட வினைகள் பிரெஞ்சு வழியாகவும் நேரடியாக இலத்தீனிலிருந்தும் வந்து சேர்ந்தவை. அவை கொள்வோனை ‘டு’வின் துணையின்றி ஏற்கமாட்டா. இதற்குப் புறனடைகள் உள்ளன. ‘ப்றொமிஸ்’ என்பது வந்தேறு சொல்லாயினும் இரண்டையும் ஏற்கும். எனினும் காரணத்தின் சாயலேனும் காட்டப்பட்ட மாணவன், ஒவ்வொரு வினையும் தனக்கென ஓர் அமைப்பை உடையது என்ற உண்மையை உணர்வான். ‘யாருக்கு’ என்று வினவப் பழகியவனுக்கு எல்லா வினைகளும் ஒன்றே.

அவ்வாறாயின் மறைமுகச் செயப்படுபொருளை இனங்காண்பதற்கு ஆங்கிலத்துக்கே உரிய அடையாளங்கள் யாவை? முதலாவது இடம்: வினையை அடுத்து, முன்னிடைச் சொல்லின் துணையின்றி, நேர்ச் செயப்படுபொருளுக்கு முன்னதாக நிற்றல். இங்கிலாந்தின் சில பகுதிகளில் ‘கிவ் இற் மீ’ என்று முறை மாற்றிக் கூறும் வழக்குண்டு. அது விதியை அழிப்பதன்று. இரண்டாவது, செயப்பாட்டு வினையாக்கிப் பார்த்தல். ‘ஐ வோஸ் கிவின் எ புக்’ என்பது இயல்பான ஆங்கிலம்; கொள்வோன் எழுவாயாகிவிட்டான். தமிழில் இதனை நேருக்கு நேர் பெயர்த்தால் ‘நான் கொடுக்கப்பட்டேன்’ என்றாகும். கன்னிகாதானம் செய்யப்பட்ட பெண்ணன்றி வேறெவரும் அவ்வாறு கூறார். தமிழ் ‘எனக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்றே கூறும். உருபு இருக்கும்வரை கொள்வோன் எழுவாயாக முடியாது. பழைய ஆங்கிலமும் இத்தகையதே. உருபுகள் தேய்ந்த பின்னரே கொள்வோனை எழுவாயாக்கும் வழக்கு ஆங்கிலத்தில் வேரூன்றியது. ஆகவே இவ்வமைப்பு, ஆங்கிலத்தின் மறைமுகச் செயப்படுபொருள் நான்காம் வேற்றுமையன்று என்பதற்கு அம்மொழியே தரும் வாக்குமூலமாகும்.

இலக்கண அறிஞரிடையே இது பற்றிய விவாதம் பழையது. ஆங்கிலத்திலும் கொடை வேற்றுமை உண்டெனச் சொனென்ஷைன் போன்றோர் வாதிட்டனர். வடிவ வேறுபாடு இல்லாவிடத்து வேற்றுமை உண்டெனக் கூறுதல் இலத்தீன் கண்ணாடி வழியே நோக்குவதாகும் என டென்மார்க் அறிஞர் ஒற்றோ யெஸ்பேர்சன் 1924இல் வெளியான தமது ‘இலக்கணத்தின் மெய்யியல்’ என்னும் நூலில் மறுத்தார். விவாதத்தின் மற்றொரு கூறு மாணவனை நேரடியாகப் பாதிப்பது. ‘ஹீ கேவ் எ புக் டு மீ’ என்ற வாக்கியத்தில் ‘மீ’ மறைமுகச் செயப்படுபொருளா? பொருள் ஒன்றே ஆதலால் ஆம் என்பர் ஒரு சாரார். பள்ளிக்கூட இலக்கணங்கள் பல இவர்கள் பக்கமே. அது ‘டு’ என்னும் முன்னிடைச் சொல்லைச் சார்ந்து நிற்பது, வினையின் செயப்படுபொருளன்று என்பர் மறுசாரார். ஹடில்ஸ்ரன், புல்லம் ஆகியோர் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் பின்னைய கொள்கையை உறுதியாக மேற்கொள்கின்றது.

பின்னைய கொள்கையே ஏற்புடையது. முன்னையதைக் கொண்டால், ‘டு மீ’ என்பதை ஏற்று ‘டு கொலம்போ’ என்பதை விலக்குவதற்கு வாக்கிய அமைப்பில் எந்த ஆதாரமும் இராது. மறுபடியும் பொருளை ஊகிக்கும் நிலைக்கே திரும்ப நேரும். கொள்கை எதுவாயினும், ஒரே வாக்கியத்துக்கு ஒரு வகுப்பில் புள்ளி கிடைக்க, அடுத்த வகுப்பில் அதே விடைக்குச் சிவப்புக் கோடு விழுதல் முறையன்று. விவாதத்துக்குரிய ஒன்று விவாதத்துக்குரியது என்று சொல்லப்படாமலே மாணவனின் புள்ளியைத் தீர்மானிக்கின்றது. ‘ஹீ டோல்ட் மீ’ என்னும் ஒற்றைச் செயப்படுபொருள் வாக்கியத்திலும் இதே நிலைதான். சொல்லப்பட்ட செய்தி தொக்கு நிற்பதாகக் கொண்டு ‘மீ’ மறைமுகமே என்பாரும், துணை எதுவுமின்றித் தனித்து நிற்பதால் நேரே என்பாரும் உளர்.

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபின் பக்கம் திரும்புதல் வேண்டும். தமிழை மறக்கச் சொல்வோர் அறியாத ஒன்று அங்கே உள்ளது. தொல்காப்பியர் வேற்றுமைகளை அவற்றின் உருபுகளால் பெயரிட்டு வழங்குகின்றார். ‘கு’ என்பதே நான்காவதன் பெயர். உருபு வேறு, அவ்வுருபு உணர்த்தும் பொருள் வேறு என்ற தெளிவு அப்பெயரீட்டிலேயே உண்டு. மேலும் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயலை அமைத்து, ஒரு பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உருபுகள் வருமாற்றையும், ஓர் உருபு தனக்குரியதல்லாத பொருளில் வருமாற்றையும் அவர் ஆராய்கின்றார். அச்சத்தைக் குறிக்கும் சொற்களுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் ஒருங்கே உரியன என்று அவர் கூறுவது ஓர் எடுத்துக்காட்டு. வடிவும் பொருளும் ஒன்றுக்கொன்று அளந்து தைத்த சட்டைபோல் பொருந்துவதில்லை என்பதைத் தமிழ் மாணவன் தன் சொந்த இலக்கணத்திலேயே கற்கின்றான். அடுத்த பாடவேளையில், ஆங்கில வகுப்பிலே, அதற்கு மாறானதை நம்புமாறு பணிக்கப்படுகின்றான்.

நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குக் கொடை முதலாக முறை ஈறாக ஏழு பொருள்களை எடுத்தோதுகின்றார். அவற்றுள் கொடை, பொருட்டு என்னும் இரண்டையும் ஆங்கில ஆசிரியர் பயன்கொண்டிருப்பின் பெரும் பயன் விளைந்திருக்கும். ‘அம்மா எனக்குச் சேலை வாங்கினாள்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும் மாணவன் ‘போட் எ சாரி டு மீ’ என்று எழுதுகின்றான். ‘கொடுத்தாள்’ என்பதோடு வரும் ‘கு’ கொடைப் பொருளது. அதற்கு ஆங்கிலம் ‘டு’. ‘வாங்கினாள்’ என்பதோடு வரும் ‘கு’ பொருட்டுப் பொருளது. அதற்கு ஆங்கிலம் ‘ஃபோர்’. கொடுத்தல், அனுப்புதல், கற்பித்தல், விற்றல் என்பன ஒரு குழு. வாங்குதல், சமைத்தல், தைத்தல், தேடிப்பிடித்தல் என்பன மற்றொன்று. நூற்றாண்டுகளுக்கு முன்னர் தமிழ் இலக்கணகாரர் வகுத்த வேறுபாடு ஆங்கில முன்னிடைச் சொற்களின் வேறுபாட்டோடு இத்துணை நெருங்கி வருவதை வகுப்பறையில் எவரும் சுட்டிக்காட்டுவதாகத் தெரியவில்லை.

இப்பொருத்தம் முற்றானதன்று என்பதையும் கூற வேண்டும். ‘எனக்குக் கதவைத் திறந்தான்’ என்பதும் பொருட்டுப் பொருளே. ஆயினும் ‘ஓப்பன்ட் மீ த டோர்’ என்று ஆங்கிலத்தில் வராது. தைத்த சட்டை என் கைக்கு வருகின்றது. திறந்த கதவு வருவதில்லை. கொழும்புக்கு அனுப்பிய கடிதத்தில் கண்ட அதே நியதி இங்கும் செயற்படுகின்றது.

கொள்வோனைக் கூர்ந்து நோக்குவதில் தமிழ் மரபு எத்துணை நுட்பம் வாய்ந்தது என்பதற்கு ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்கள் பற்றிய விதி சான்றாகும். கேட்போன் தாழ்ந்தவனாயின் ஈ, ஒத்தவனாயின் தா, உயர்ந்தவனாயின் கொடு என்பது இலக்கணம். அத்துடன் தருதல் தன்மை முன்னிலைகளை நோக்கியும் கொடுத்தல் படர்க்கையை நோக்கியும் வருதலுக்குரியன என்பர். ‘எனக்குத் தந்தான்’, ‘அவனுக்குக் கொடுத்தான்’ என்னும் வேறுபாடு இன்றைய யாழ்ப்பாணப் பேச்சிலும் பெரிதும் பேணப்படுகின்றது. கொள்வோன் யார் என்பது தமிழில் வினைச்சொல்லின் தெரிவையே மாற்றிவிடுகின்றது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘கிவ்’ ஒன்றே. அங்கே மாறுவது சொற்களின் வரிசை. இரு மொழிகளும் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு இடத்தில் அடையாளமிட்டுக் காட்டுகின்றன என்று கற்பிக்கப்படுமாயின், ஒப்பீடு ஊன்றுகோலாகும். இரண்டும் ஒன்றே என்று கற்பிக்கப்படும்பொழுது அதுவே காலை வாருகின்றது.

தமிழ் உருபு ஆங்கில வாக்கியத்தைத் தெளிவாக்கும் இடங்களும் உள்ளன. ‘மேட் ஹிம் எ கோட்’, ‘மேட் ஹிம் எ கிங்’ என்னும் இரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றே: வினை, அதன்பின் இரு பெயர்கள். முதலாவதில் மறைமுகமும் நேருமாக இரு செயப்படுபொருள்கள். இரண்டாவதில் ஒரு செயப்படுபொருளும் அதன் நிறைவும். ஆங்கில மாணவனே தடுமாறக்கூடிய இவ்விடத்தில் தமிழ் மாணவன் தயங்க வேண்டியதில்லை. அவனுக்குக் கோட் தைத்தான், அவனை அரசனாக்கினான். உருபுகள் தாமே பிரித்துக் காட்டிவிடுகின்றன. மொழிபெயர்ப்பு இங்கே சரியான சோதனை. ‘அவனுக்கு உதவினான்’ என்பதில் அது பிழையான சோதனை. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைச் சொல்லிக் கொடுப்பதே ஆசிரியர் பணி. ‘யாருக்கு’ என்ற ஒற்றை வினா அப்பணியை அவரிடமிருந்து பறித்துவிடுகின்றது.

1960களில் கலைப் பீடங்களில் தாய்மொழிவழிக் கல்வி வேரூன்றிய பின்னர், ஆங்கிலம் பெரும்பாலான தமிழ் மாணவருக்குப் பாடமாக மட்டுமே அறிமுகமாகும் மொழியாயிற்று. வீட்டிலே கேட்டறிந்து பேசியவருக்கு இலக்கண விதி பிழையாயினும் செவி திருத்திவிடும். ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்பது அவர் காதில் உறுத்தும். கிராமத்துப் பாடசாலையிலிருந்து வருபவனுக்கு விதியைத் தவிர வேறு துணையில்லை. அரைகுறையான விதியின் முழுச் சுமையும் அவன் தோள்மீதே விழுகின்றது. பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆங்கில நூல்களைப் படிக்கத் தொடங்கும் முதலாண்டில், தன் தமிழ்தான் தன்னைத் தாழ்த்துகின்றது என்ற எண்ணம் அவனுக்கு ஏற்படுவதும் இதனாலேயே.

விடைத்தாளில் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்ற தொடரின் கீழ் இடப்படும் சிவப்புக் கோட்டுக்கு அருகே ஒரு சிறு குறிப்பு எழுத இடமுண்டு. ‘இவ்வினை சொல் என்பதைப்போலன்று, கொள்வோனை டு இன்றி ஏற்காது’ என்று எழுதுவதற்கு அரை நிமிடம் போதும்.